ஒரு மணி விசாரிப்பு

அரக்கோணம் ரயிலில் வந்து சோர்ந்து உட்கார்ந்த கணவன் கஜபதியின் டிபன் பாக்ஸைத் திறந்தாள் சுதா. காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

"ஒரு மணிக்கு 'சாப்ட்டியா பாவா'ன்னு மெசேஜ் வந்துச்சா இல்லியா? 'ஆங், சாப்ட்டேன்'னு ஏன் பொய் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? தெனம் அந்நேரத்துக்கு மீட்டிங்ல மாட்டிக்கினு கெடக்கேன். தானா மெசேஜ் அனுப்ப நீ எழுதின டூலு விண்டோஸ், லினக்ஸ் எதுலயும் ஓடும்னியே, அத ஆபீஸ்ல போட்டேன். கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு வரி தட்டி வச்சிட்டேன். உன் மெசேஜ் வந்தா அதுவே பதில் போட்டுடும்."

"எத்தினி நாளா?"

"ஆடிக் கிருத்திகைலேர்ந்து. திட்டிடு."

சுதா டிபன் பாக்ஸை மூடினாள். ஆடிக் கிருத்திகைக்கும் முன்பிருந்தே தினம் ஒரு மணிக்கு அவள் பெயரில் அவனை விசாரித்துக்கொண்டிருந்ததும் அதே டூல்தான்.

தட்டை எடுத்து வைத்து, "சாப்டறியா பாவா?" என்று தன் வாயால் கேட்டாள்.