தீப்பிடிக்காத லோடு

"நிறுத்துலே லாரிய!"

சுப்புத்தாய் தன்னோடு வந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தன் அட்டைக் கம்பெனி வாசலிலிருந்து ஓடிவந்த சுகிர்தாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எது தொடங்கினாலும் பட்டாசு என்றே நினைக்கிறார்கள்!

"இங்கன வெடிமருந்து ஒரு சிட்டிகை கிடையாதுக்கா! எரிமலைக் கல்லை உலையில போட்டு, சோளப்பொரி மாதிரி பொரிச்சு அட்டையாக்குறோம். கூரைக்கு அடியில அடிச்சா வெக்கை உள்ள எறங்காது. தீயும் பிடிக்காது. இந்தா பாருங்க!"

டிரைவரின் ஸ்டவ்வைப் பற்றவைத்து, அதன்மேல் ஓர் அட்டையை வைத்து, அட்டைமேல் தன் உள்ளங்கையை ஊன்றினாள் சுகிர்தா.

"அது எங்களுக்கும் தெரியும் தாயி," என்றாள் சுப்புத்தாய்.

"தெரிஞ்சுமா மறிக்கீக? கொச்சியில மீன் குடோனுக்குப் போற லோடு. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான்!"

"மூடச் சொல்லல. அட்டைய எங்களுக்கு இறக்குங்கன்னுதான் கேக்கோம். செத்த மீனுக்கு இம்புட்டுப் பாடு படுதீக. நாங்க பட்டாசு ஒட்டுற தகரக் கொட்டகையில நேத்து ரெண்டு பொம்பளைக வெக்கை தாங்காம சுருண்டு விழுந்துட்டாக. மொதலாளிகிட்ட கேட்டா, 'வெயிலைத் தடுக்க எவனாலயும் முடியாது, போங்க'ன்னு விரட்டுதாரு."

சுகிர்தா ஸ்டவ்வை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"எந்த மொதலாளி அது? ஆளைச் சொல்லுங்க, நானே வந்து நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கேன்!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க வீட்டுக்காரருதான் தாயி."