தோளில் இருந்த கை

மருத்துவர் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். மார்புப் புற்றுக்கட்டியை அழிக்க வந்த, நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டிருந்தன. ஒவ்வொன்றையும் வேறொரு செல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் அதைச் சண்டை போட விடாம அடக்குது" என்று ஒட்டியிருந்த செல்லை அவர் சுட்டிக்காட்டினார்.

"இது எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?" என்றாள் ரூபாவதி.

"உங்க உடம்போடதுதாம்மா. மத்த நேரத்துல உங்களுக்கு நல்லதுதான் பண்ணும். சரி, கட்டிய முதல்ல எப்பப் பாத்தீங்க?"

"போன மாசம்தான் டாக்டர்" என்று அவள் கணவன் முந்திக்கொண்டான். பத்து மாதங்களுக்கு முன் அவள் அதைக் காட்டியபோது, "வெறும் கொழுப்புக் கட்டி. யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத" என்று தோளை அழுத்திய கை இப்போதும் அங்கேதான் இருந்தது.

அவள் திரையையே பார்த்தாள். "தான் எதக் காப்பாத்தறோம்னு அந்த அடக்கற செல்லுக்குத் தெரியுமா டாக்டர்?"

தோளில் கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது.