பட்டியலில் நண்டு

மூன்றாவது முறையும் கேம் பெட்டி ‘டயல் டோன் இல்லை’ என்றது.

மணி ஐந்தடிக்க இன்னும் ஏழு நிமிடம்தான் இருந்தது. ஐந்து மணிக்கு என் மகள் வருவாள்.

இருபது வருடத்துப் பெட்டி அது. முதுகில் தொலைபேசிக் கம்பி செருக ஒரு துளை இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் ஓடுவதோ ஃபைபர் இண்டர்நெட். தொலைபேசியைத் தலைமுழுகி எத்தனையோ காலமாயிற்று.

இரண்டுக்கும் நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு சர்க்யூட் பலகையை வாங்கி மாட்டியிருந்தேன். கல்யாணத் தரகர் மாதிரி இந்தப் பக்கம் பெட்டியிடம் தொலைபேசியாகப் பேசும், அந்தப் பக்கம் ரூட்டரிடம் இண்டர்நெட்டாகப் பேசும். இன்றைக்கென்று பார்த்து வாயைத் திறக்கவில்லை.

வேறு வழியில்லாமல், எதிர்வீட்டில் வேலையாக இருந்த இண்டர்நெட் லைன்மேனைக் கூப்பிட்டேன். என் வயதுக்காரர். இந்தக் குப்பைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று முதலில் சிரித்தார். மகள் கோபித்துக்கொண்டு போய் ஒன்பது வருடமாகிறது என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என் பொண்ணும் வெளியூர்லதான் சார் இருக்கா. ரெண்டு நாள் பேசலன்னா எனக்குச் சோறு எறங்காது. இருங்க, பாத்துடலாம்.”

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு வேறு ஊரில் வேலை. ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்கினேன். சாயங்காலம் அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் கார் பந்தயம் விடுவோம். அவள் நண்டு, நான் பெரியநண்டு.

அம்மாவோடு போகும்போது அவள் தன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். அவளும் அவள் அம்மாவும் மூன்று முறை போன் எண்ணை மாற்றிவிட்டார்கள். மச்சானைக் கேட்டால் தெரியாது என்பான். அவள் சித்தி கதவையே திறப்பதில்லை.

போன வாரம்தான் தெரிந்தது, அந்தப் பழைய பந்தயத்தை யாரோ ரசிகர்கள் மறுபடி உயிர்ப்பித்து நடத்துகிறார்கள் என்று. யார் யார் ஆடுகிறார்கள் என்று ஒரு பட்டியலும் போடுகிறார்கள். தினமும் ஐந்து மணிக்கு அதில் நண்டு என்று ஒரு பெயர் வருகிறது.

எல்லா இடத்திலும் என்னை வெட்டிவிட்டவர்கள் இந்த ஓட்டையை மட்டும் மறந்துபோயிருந்தார்கள்.

லைன்மேன் பெட்டியின் செட்டிங்கைக் குடைந்தார். டயல் டோனுக்குக் காத்திருக்காதே என்று ஒரு வரி இருந்தது. அதைத் தட்டினார். பெட்டி ஓர் எண்ணைக் கேட்டது. எந்த எண்ணாக இருந்தாலும் சரி, தரகர் எடுத்துக்கொள்வார் என்றார். பழைய வீட்டு எண்ணை அடித்தேன்.

பெட்டி கீச்சென்று கத்திற்று. பிறகு கரகரத்தது. வராமல் போய்விடுவாளோ என்று ஒரு பயம். வந்து, யார் நீங்கள் என்று கேட்டுவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். கண்ட்ரோலர் கையில் வழுக்கியது.

பந்தயச் சாலை திரையில் விரிந்தது. ஐந்து கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் போன சிவப்புக் காரின் தலைமேல் நண்டு என்று இருந்தது.

என் காரின் தலைமேல் பெரியநண்டு என்று எழுந்தது.

சிவப்புக் கார் நடுச்சாலையில் நின்றது. மற்ற கார்கள் அதைத் தாண்டிப் போயின.

அப்போதும் இப்படித்தான். நான் பின்தங்கினால் நின்றுவிடுவாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லைன்மேன் என் முழங்காலில் தட்டிக்கொடுத்தார்.

திரையின் அடியில் எழுத்து வந்தது.

‘அம்மா கதவைப் பூட்டிட்டாங்க. இப்ப எங்க நிக்கிறீங்க?’

லைன்மேன் அதை இரண்டு முறை படித்தார். முழங்காலில் இருந்த கையை எடுத்துக்கொண்டார்.

அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல நினைத்தேன். அவசரத்தில், பயப்படாதே, அப்பாதான் என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

பழைய வீட்டில் குளியலறைக் கதவுக்கு மட்டும் நான்கு தடவை தாழ்ப்பாள் மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் அதை உடைப்பதற்கு முன்னால், வெளியே நின்று, உள்ளே இருந்த அவர்களுக்கு நான் சொன்னதும் அதுதான்.

மறுபடி பார்த்தபோது சாலையில் சிவப்புக் கார் இல்லை. பட்டியலில் நண்டு இல்லை.

லைன்மேன் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.