அம்பத்தூரில் உப்புக்காற்று

"இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் ஃபக்ருன்னிசா. சர்ஃபராஸ் பென்சில் கோட்டை அழித்துவிட்டு மேலே ஒன்று போட்டான். அதைப் பார்த்ததும், முதலில் போட்டதே தேவலை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

டிவியைச் சுவரில் மாட்டுவது சின்ன வேலை. வீட்டு அம்மா பக்கத்தில் நின்றால் அது பொழுதுக்கும் இழுக்கும். இந்த அம்மா நகர்வதாகவே இல்லை. அவள் புருஷன் உஸ்மான் கனி வேறு எதிரே சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, டிவி ஏற்கெனவே ஓடுகிற மாதிரி இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்ஃபராஸுக்கோ அவசரம். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பூந்தமல்லியில் அவன் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். பெண் யார், எந்த ஊர் என்பதெல்லாம் அம்மாவும் தரகரும் பேசிக்கொண்ட சமாச்சாரம். தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார் என்பது மட்டும்தான் இவனுக்குச் சொல்லப்பட்டது.

இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் சமோசாவை ருசித்துத் தின்றுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள். சுவரில் ஓட்டை போடுகிறவனுக்குப் பெண்ணா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவும் தட்டிப்போனால் உங்கள் தெருப்பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று தரகர் சொல்லிவிட்டார்.

இன்றைக்கு இந்த வேலையை எடுத்திருக்கவே கூடாது. இன்றே மாட்டியாக வேண்டும் என்று ஃபக்ருன்னிசா காலையில் போனில் ஒற்றைக்காலில் நின்றாள். போனோமா வந்தோமா என்று முடித்துவிடலாம் என நினைத்தது அவன் புத்தி.

போன் அடித்தது. அம்மாதான். பூந்தமல்லிக்கு முந்தின குமணன்சாவடியைத் தாண்டிவிட்டேன் என்று அம்பத்தூரில் நின்றபடி புளுகினான். ஒரு கையில் டிரில் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டான். அதென்ன சத்தம் என்று அம்மா கேட்க, மெட்ரோ வேலை நடக்கிறது என்றான். பெண் வீட்டாரும் இன்னும் வந்துசேரவில்லை என்று அம்மா சொன்னபிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

ஓட்டைகளைப் போட்டு முடித்து ஸ்க்ரூவை எடுத்தபோது ஃபக்ருன்னிசா குறுக்கே வந்தாள். அவர்கள் எண்ணூரிலிருந்து போன மாதம்தான் இங்கே குடிவந்தார்களாம். அங்கே கடலைப் பார்த்த வீடு. உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்து, பழைய டிவி நேராகச் சாப்பாட்டுத் தட்டில் வந்து விழுந்ததாம்.

"துருப்புடிக்காத ஐட்டமா போடுப்பா. கடக்கர ஊட்டுக்குப் போடுவியே, அது. எவ்ளோ ஆனாலும் பரவால்ல."

அந்த ஸ்டீல் சாமான் பையில் தயாராகவே இருந்தது. வாரத்தில் பாதி நாள் கடலோர ஈ.சி.ஆர். பங்களாக்களில்தான் அவனுக்குப் பிழைப்பு. சரி என்று தலையாட்டி அதையே மாட்டினால் லாபமும் உண்டு, உடனே ஓடியும் போகலாம். மறுத்துப் பேசினால் இந்த அம்மா விடமாட்டாள், அதற்குள் அங்கே சமோசா தீர்ந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்தும் அந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்பத்தூர்ல ஏதும்மா கடலு? ஆட்டோ வெச்சு இட்டாந்தாலும் உப்புக்காத்து இங்க வராது. சாதா ஸ்க்ரூவே உன் பேரப்புள்ள காலம் வரைக்கும் தாங்கும். துட்ட வேஸ்ட் பண்ணாத."

"இப்பிடிப் பேசுனா நீ எப்பிடிப்பா பொழைப்ப?"

"அதத்தாம்மா பொண்ணு குடுக்க வர்றவங்களும் கேக்குறாங்கோ" என்றான். சாதா ஸ்க்ரூக்களையே எடுத்து முடுக்க ஆரம்பித்தான்.

பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. சர்ஃபராஸ் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு மணியைப் பார்த்தான். இங்கிருந்து பூந்தமல்லிக்குப் பறந்தால்கூட இனி முடியாது. அம்மா, வருகிறவர்கள் உட்காரப் புதுப் போர்வை விரித்த கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

வந்ததற்கு இதையாவது முடிப்போம் என்று டிவியைத் தூக்கக் குனிந்தான். ஃபக்ருன்னிசா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதர் முதல்முறையாகத் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து கார் சாவியை எடுத்தார்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சர்ஃபராஸிடம் சொன்னாள்.

"டிவி கெடக்கட்டும், கெளம்புங்க மாப்ள. உங்கம்மா எங்களுக்காகக் காத்துகினு கீறாங்க."