மாமி தந்த பிரஷ்

மகன் டெறிக்கின் கலியாணம் முடிந்த மூன்றாம் நாள். கனடாவின் மார்க்கம் நகரிலுள்ள வீட்டில் பிலோமினா தன் புது மருமகளைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, புத்தம்புது மேக்கப் பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"பவுடர், பிளஷ், பவுண்டேஷன், எல்லாத்துக்கும் உது ஒண்டே காணும், பிள்ளை."

ஜெனிற்றாவின் சொந்த அம்மா லிப்ஸ்டிக்கைக்கூடத் தொட்டதில்லை. இப்படியொரு மாமி யாருக்கு வாய்க்கும்?

"முதல்லை செம்மஞ்சள் கிறீம். அதுக்கு மேலை உன்ர நிறம். கடைசியாப் பவுடர். தேய்க்காதை, நோகும். மெதுவா ஒத்து. ஒபிஸிலை ஆர் கிட்ட நிண்டு பாத்தாலும் தெரியாது."

"வாவ் மாமி! யூடியூப் பாத்தோ பழகினீங்கள்?"

"அப்ப ஏது யூடியூப்? ஸ்காபரோவுக்குக் கலியாணம் கட்டி வந்த வருஷமே பழகீட்டன். முப்பது வருஷமா ஒரு ஞாயிறு பூசை தவறவிட்டதில்லை."

மேசையில் மாமியின் பழைய பிரஷ் கிடந்தது. பிடியில் சாயம் போய், மயிரெல்லாம் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. ஜெனிற்றா ஆசையாக எடுத்துப் பார்த்தாள்.

"எனக்கு இதைத் தாங்கோவன் மாமி. உங்கட ஞாபகமா வைச்சிருப்பன்."

"உது உனக்குச் சரிவராது."

மாமி அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இடக் கன்னத்துக்கே பூசிப் பூசி ஒருபக்கம் சரிஞ்சு போச்சு. மாமா வலக்கைக்காரர்."

பிறகு மருமகளின் வலக் கன்னத்தைச் செல்லமாகத் தடவினாள்.

"டெறிக் இடக்கையெல்லே."