அக்கரைச் செயலாளர்

கால்வாய்க்கு இக்கரையில் எங்கள் நகராட்சி, அக்கரையில் வேறொன்று. உடைந்த பாலத்தை இரண்டும் சேர்ந்து கட்டினால்தான் அக்கரையிலுள்ள தங்கை வீட்டுக்கு நான் மூன்று மைல் சுற்றாமல் போக முடியும். இக்கரை நகராட்சிச் செயலாளர் என் கணவர்தான்.

“சேர்ந்து கட்டலாம்னு எழுதினேன். அக்கரைச் செயலாளர் முடியாதுன்னு பதில் போட்டுட்டார்,” என்றார்.

“நேர்ல போய்ப் பேசுங்களேன்!”

“கடிதத்துக்குக் கடிதம்தான் முறை. மறுபடி எழுதறேன்.”

“அந்த மனுஷன் உருப்படுவானா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. அந்த ஆளை நான் திட்டும்போதெல்லாம் அப்படித்தான்.

போன மாதம் என் கணவர் காலமானார். அக்கரை நகராட்சியின் மலர்மாலை, சுற்றுவழியில் தாமதமாக வந்து சேர்ந்தது. அதில் கட்டியிருந்த அட்டையில் எழுதியிருந்தது: “பதினோரு ஆண்டுகள் எங்கள் செயலாளர் பொறுப்பையும் கூடுதலாகக் கவனித்தவருக்கு.”

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பில் புரையேறியது.