வாங்காத மருந்து

வீட்டுச் செலவுகளைக் கணக்கெடுக்க வந்த பெண் செல்போனைப் பார்த்தபடியே, "போன மாசம் மருந்து மாத்திரைக்கு எவ்வளவுக்கா செலவாச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் வடிவு.

"அப்ப யாருக்கும் நோய்நொடி இல்ல. சந்தோஷம்க்கா," என்று அவள் பூஜ்யத்தைத் தட்டினாள்.

வடிவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நோயில்லன்னு நான் சொன்னேனா? வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. இழுக்கிற மருந்து தீர்ந்துபோச்சு. வாங்க வக்கில்ல, வாங்கல. அதை எங்கேம்மா எழுதுவீங்க?"

"வாங்காததுக்கு இதுல எடமில்லக்கா. செலவு பண்ணினதை மட்டும்தான் கேக்கச் சொல்லியிருக்காங்க."

வடிவு அவளுடைய மணிக்கட்டைப் பற்றி உள்ளறைக்குத் தரதரவென்று இழுத்துப் போனாள். கட்டிலில் அவள் கணவன் தங்கதுரை கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. கழுத்தில் அடையாள அட்டையோடு நின்ற பெண்ணைப் பார்த்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். முகம் மலர்ந்தது. பேச முடியாமல் கையை மட்டும் நீட்டினான்.

அந்தப் பெண் பின்வாங்கப் பார்த்தாள்.

"குடு," என்றாள் வடிவு, பிடியை விடாமல். "அந்தக் கையில என்னத்தையாவது குடுத்துட்டுப் போ."